சத்தம் பதியாத கேமரா

2003-ஆம் வருடம். கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை என்பதால் அணுபுரம் குடியிருப்பில் இருந்தோம். சிங்கப்பூரிலிருந்து வந்த என் தம்பி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு டிஜிட்டல் கேமரா கொடுத்தான். ஃபிலிம் ரோல் வேண்டாம், கழுவக் கொடுக்க வேண்டாம் என்றதும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. கொடியில் காயும் சீருடை, கொதிக்கும் ரசம், பஸ்ஸுக்கு ஓடும் கணவர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துத் தள்ளினேன். "இதையெல்லாமா போட்டோ எடுப்பாங்க?" என்று அவர் சிரிப்பார்.

மார்க்கெட்டுக்குப் போகும்போதும் அது பர்ஸுக்குள் இருக்கும். புதுப்பட்டினத்தில் நான் வழக்கமாக மீன் வாங்கும் அம்மாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பெரிய குரல். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே காதில் விழும். ஒருநாள் அவர் கூடையிலிருந்த சங்கரா மீனைப் படமெடுக்கக் குனிந்தேன்.

"இன்னாமா, செத்த மீன புடிக்கிற? உசுரோட ஒருத்தி குந்திகினு கீறேனே, கண்ணுக்குத் தெரியலியா?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

அதிலிருந்து மீன் வாங்கும்போதெல்லாம் அவரை ஒரு படம் எடுப்பது பழக்கமாகிவிட்டது. தபால்தலை அளவுத் திரையைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பார். "மூஞ்சி நல்லால்ல, இன்னொரு வாட்டி எடு" என்பார்.

மழைக்காலத்தில் சில வாரங்கள் அவருடைய இடம் காலியாகக் கிடந்தது. பிறகு ஒருநாள் அங்கே ஓர் இளம்பெண் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். யாரையும் கூவி அழைக்கவில்லை. பக்கத்தில் மீன் விற்றவர்தான் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். விடியற்காலையில் மீன் எடுக்கப் போன ஆட்டோ, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கவிழ்ந்துவிட்டதாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அந்த அம்மாவின் உயிர் போய்விட்டது. இது அவருடைய மகள்.

"இன்னும் அழவே இல்லமா அந்தப் பொண்ணு. பேச்சும் அவ்ளோவா இல்ல. இன்னா ஆவுமோன்னு பயமா கீது" என்றார் அவர்.

நான் அவள் பக்கம் திரும்பினேன். அந்தப் பெண்ணே நிமிர்ந்து பார்த்தாள். "நீதான டவுன்ஷிப்பு அக்கா? எங்கம்மாவ படம் புடிப்பியாமே, அது கீதா? வூட்ல ஓட்டு கார்டுல இருக்கிறது ஒண்ணுதான். அதுல அம்மா மாதிரியே இல்ல."

அன்று மத்தியானமே வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தவள் வாசலிலேயே நின்றாள். "மீன் வாட அடிக்கும்க்கா" என்று தயங்கியவளைக் கையைப் பிடித்து அழைத்துவந்து கணினி முன்னால் உட்கார வைத்தேன். ஒவ்வொரு படமாகக் காட்டினேன். முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அடுத்து வந்தது வெறும் படமல்ல. அந்தக் கேமராவில் சில விநாடிகள் அசையும் படமும் எடுக்கலாம், ஆனால் சத்தம் பதியாது. எப்போதோ பொத்தான் மாற்றி அழுத்தி எடுத்ததை நானே மறந்திருந்தேன். திரையில் அந்த அம்மா போட்டோவுக்கு விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். பிறகு கண்ணைச் சுருக்குகிறார். கையை வீசி ஏதோ சொல்கிறார். சிரிக்கிறார். அவ்வளவுதான்.

மகள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "இன்னொரு வாட்டி போடுக்கா. சத்தம் வராதா?"

"வராதும்மா. இதுல அந்த வசதி இல்ல."

மறுபடியும் மறுபடியும் போடச் சொன்னாள். தாயின் வாயோடு அவள் உதடுகளும் சேர்ந்து அசைந்தன. திடீரென்று, யாரையும் கூவி அழைக்காத அவளிடமிருந்து, மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கும் அந்தத் தோரணையில் வார்த்தைகள் வந்தன.

"எம்மா நேரம்மா இப்டியே குந்திகினு கீறது? புட்சிட்டியா, இல்லியா? யாவாரத்தப் பாக்க வாணாமா?"

கேட்டதும் எனக்கு நினைவு வந்தது. அன்று அவர் சொன்னது அதேதான்.

"அதாங்க்கா சொல்லுது. அம்மா அதான் சொல்லுது" என்று திரையைத் தொட்டவள், மேசையில் தலை கவிழ்ந்து அழ ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை. அவள் தோளில் கை வைத்தபடி நானும் அழுதேன்.

செங்கல்பட்டு ஸ்டுடியோவில் ஒரு படத்தைப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன். சிரிக்கும் படங்கள் எத்தனையோ இருந்தும், மீனின் செதிலை உரசியபடி யாரையோ அதட்டும் படத்தைத்தான் அவள் கேட்டாள். அசையும் படத்தைக் கொடுக்க வழியில்லை, அவர்கள் வீட்டில் கணினி கிடையாது. எங்களுக்கு மாற்றலாகும் வரை, தோன்றும்போதெல்லாம் வருவாள். எதுவும் கேட்காமல் அதைப் போட்டுவிட்டு நான் சமையலறைக்குப் போய்விடுவேன்.

அந்தக் கேமரா எப்போதோ பழுதாகிவிட்டது. அந்தச் சில விநாடிகள் மட்டும் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் இப்போது அதைப் பார்க்கும்போது என் காதில் கேட்பது மகளின் குரல்தான். தாயின் குரலை எவ்வளவு யோசித்தாலும் பிடிக்க முடியவில்லை. அதனால்தான், ஊரிலிருந்து என் அம்மா போனில் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாலும், "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிட எனக்கு மனம் வருவதில்லை.