தையல் வெளியே தெரியும் சட்டை

என் மகனுக்கு முப்பத்தாறு வயது. வீட்டில் அவன் சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித்தான் போடுவான். பனியன், காலுறை எல்லாமே அப்படித்தான். தையல் உடம்பில் படக்கூடாது. கழுத்தருகே கம்பெனிப் பெயர் உள்ள துணித்துண்டு இருந்தால் சட்டை வீட்டுக்குள்ளேயே வர முடியாது, கடை வாசலிலேயே என் மனைவி அதைப் பிரித்து எடுத்துவிடுவாள். கம்பளி ஆகவே ஆகாது. ஊட்டி மலைக்குளிரில், வெலிங்டன் பக்கம் குடியிருந்துகொண்டு கம்பளி ஆகாது என்றால் யாருக்கும் புரியாது. இங்கே காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் தெருவில் நிற்பவனைப் பார்த்தால், அவன் வீட்டில் கவனிக்க ஆள் இல்லையா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

ஆட்டிசம் என்ற சொல் எங்கள் காதில் விழுந்தபோது அவனுக்கு இருபது தாண்டிவிட்டது. அதுவரை ஊரார் மூன்று காரணங்கள் சொன்னார்கள்: பிடிவாதம், அம்மா கொடுத்த செல்லம், அம்மா வளர்த்த லட்சணம். மூன்றில் இரண்டு என் மனைவியின் தலையில் விழுந்தன. அவள் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. வெளியே கிளம்பும்போது மட்டும் சட்டையை நேராகப் போட வேண்டும் என்று அவனைப் பழக்கினாள். பெயர், வயது, தெரு ஆகியவற்றை யாராவது கேட்டால் சொல்லவும், ‘வணக்கம் சார்’ என்று கைகூப்பவும் பழக்கினாள். வருடக்கணக்கில் பிடித்த வேலை அது. அவனும் செய்தான். பழகிவிட்டது என்று நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டோம்.

நான் ராணுவக் கன்டோன்மென்டில் ஓர் அலுவலகத்தில் சிவிலியன் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். சுற்றிலும் சீருடை. ஒரு பொத்தான் தளர்ந்திருந்தால்கூட அங்கே கண்ணில் பட்டுவிடும். அந்தப் பார்வை எனக்கும் தொற்றிக்கொண்டது. எதிரே யார் வந்தாலும் பொத்தான்களை எண்ணுவேன். மகனின் முழுக்கைச் சட்டையில் முன்பக்கம் ஏழு, கைகளுக்கு இரண்டு. ஒன்பதும் பூட்டியிருந்தால் எனக்கு அன்றைய கவலைகளில் ஒன்று குறையும்.

மற்ற கவலைகளில் பெரியது இதுதான். எனக்குப் பின் என் ஓய்வூதியம் மனைவிக்கு வரும். அவளுக்குப் பின் மகனுக்கு ஆயுள் முழுவதும் வர வேண்டுமானால், அவனால் தனியாகச் சம்பாதித்துப் பிழைக்க முடியாது என்று மருத்துவக் குழு சான்று தர வேண்டும். எனக்கு எழுபத்தைந்து ஆகிறது. அவளுக்கு எழுபது, சர்க்கரை வேறு. எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை.

போன வருடம் ஊட்டியில் நடந்த மருத்துவச் சான்று முகாமுக்கு முதல்முறை போனோம். ஆபீசர்களைப் பார்க்கப் போவதென்றால் நல்ல துணி உடுத்திப் போவதுதான் எங்கள் வழக்கம். அதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, என்னுடைய கையில்லாத ஸ்வெட்டர், பளபளக்கும் ஷூ. தலையைப் படிய வாரி, கன்னத்தில் பவுடரும் போட்டுவிட்டாள். மண்டபத்தில் காத்திருந்தவர்களில் அவனளவுக்கு உடுத்தியவர் ஒருவரும் இல்லை. எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்த டாக்டர் இளைஞர். இவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்னங்க ஐயா, பொண்ணு பாக்கக் கூட்டிட்டுப் போற மாதிரி கூட்டிட்டு வந்திருக்கீங்க?”

இவன் வணக்கம் சொன்னான். பெயர், வயது, தெரு எல்லாம் சொன்னான். கையை மடியில் வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தான். டாக்டர் இன்னும் நாலு கேள்வி கேட்டுவிட்டு எழுதிவிட்டார். அவர் போட்ட குறைபாட்டு அளவு ஓய்வூதியத்துக்குப் போதாது. நான் பேச வாயெடுத்தேன். “நல்லாத்தானே இருக்காரு? ஏதாவது வேலைக்கு அனுப்புங்க” என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

மறுபடி விண்ணப்பிக்க நகல் எடுத்த கடையில், கடைக்காரர் காகிதங்களைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

“அண்ணா, அவரை மாப்பிள்ளையாட்டம் கூட்டிட்டுப் போனா யாரு நம்புவா? ஒரு வாரம் சவரம் பண்ண வேண்டாம். அழுக்குச் சட்டை, பட்டனை ஏறுமாறாப் போட்டு விடுங்க. பேசக்கூட வேண்டாம், தானா எழுதிக் குடுத்துருவாங்க.”

வீட்டுக்கு வந்து இதை அப்படியே சொன்னேன். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

“நாளைக்கு நான் போயிட்டா அவன் அப்படித்தானுங்க நிப்பான். நான் இருக்கறப்பவே எதுக்கு?”

நடுவே ஒரு வழி சொன்னேன். அழுக்காகவும் வேண்டாம், அலங்காரமும் வேண்டாம். வீட்டில் எப்படி இருக்கிறானோ அப்படியே வரட்டும். துவைத்த சட்டைதான், ஆனால் அவன் போடுகிற விதத்தில். அவள் ஒத்துக்கொண்டாள். ஆனால் பஸ்ஸில் வரமாட்டேன் என்றாள். அடுத்த முகாமன்று டாக்ஸி பிடித்தோம். வழி நெடுக அவள் தன் சால்வையை அவன் தோளில் போடுவதும் அவன் எடுத்துக் கீழே வைப்பதுமாக இருந்தது.

இம்முறை இருந்தவர் ஒரு பெண் டாக்டர், ஐம்பது வயது இருக்கும். தோளிலும் பக்கவாட்டிலும் தையல் துருத்திக்கொண்டிருந்ததைக் கவனித்தார்.

“சட்டையை மாத்திப் போட்டிருக்கீங்களே தம்பி?”

“மாத்தலைங்க. எனக்கு இதுதான் சரி. அந்தப் பக்கம் போட்டா தையல் குத்தும்.”

“எப்பவும் இப்படித்தானா?”

“வீட்ல இப்படி. வெளியே போனா அம்மா திருப்பிப் போடச் சொல்லுவாங்க. இன்னைக்கு அப்பா வேண்டாம்னு சொல்லிட்டாங்க. திருப்பிப் போட்டா டாக்டர் நம்ப மாட்டாங்களாம்.”

பக்கத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். “மேடம், பெரியவர் மாட்டிக்கிட்டாரு!” மனைவி என்னைப் பார்த்த பார்வையை இப்போது விவரிக்க விரும்பவில்லை. இந்தச் சான்றும் போயிற்று என்றே முடிவு செய்தேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. “போன தடவை திருப்பிப் போட்டுட்டு வந்தீங்களா?”

“ஆமாங்க. ஸ்வெட்டர் வேற.”

“அன்னைக்குக் கேட்டதுக்கெல்லாம் நல்லா பதில் சொன்னதா இதுல எழுதியிருக்கே?”

“பேரு, வயசு, தெரு எனக்கு வரும். மத்ததுக்கு ‘சரிங்க சார்’ சொன்னேன். அவரு என்ன கேட்டாருன்னு தெரியலை. தையலை எண்ணிக்கிட்டு இருந்தேன். பதினொண்ணு.”

ஒன்பது பொத்தான்களையும் நான் பலமுறை எண்ணியிருக்கிறேன். ஒரு சட்டையில் எத்தனை தையல் என்று எனக்குத் தெரியாது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “நீங்க தனியா வீட்ல இருக்கீங்க. பசிக்குது. கேஸ் தீர்ந்து போச்சு. என்ன பண்ணுவீங்க?”

இது நாங்கள் பழக்காத கேள்வி. அவன் மேசையின் விளிம்பைப் பார்த்தான்.

“உக்காந்திருப்பேன். அம்மா வருவாங்க.”

“அம்மா வரலைன்னா?”

“வருவாங்க.”

“ரெண்டு நாளாச்சு. இன்னும் வரலை.”

“உக்காந்திருப்பேங்க” என்றான். கொஞ்சம் சத்தமாகவே சொன்னான், இதில் புரியாதது என்ன இருக்கிறது என்பதுபோல.

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. எழுதினார். எழுதியதைத் திருப்பி என்னிடம் காட்டினார். தேவையான அளவு இருந்தது. இரண்டுமுறை படித்தேன். எனக்குப் பின் மனைவி, அவளுக்குப் பின் இவன், காகிதத்தில் இனி தடங்கல் இல்லை. அவன் உட்கார்ந்திருக்கப்போகும் அந்த வீட்டுக்கு கேஸ் வாங்கப் பணம் வரும். போய் வாங்குவது யார் என்பதற்கு எந்தக் குழுவிலும் சான்று கிடையாது.

திரும்பும்போது டாக்ஸி வேண்டாம், பஸ்தான் வேண்டும் என்றான். மனைவி மறுக்கவில்லை. சால்வையைத் தானே போர்த்திக்கொண்டாள். வழியில் கேத்தி என்ற ஊரைத் தாண்டியதும் பின்சீட்டிலிருந்து ஒரு பெண்மணி முன்னால் குனிந்தார்.

“ஏனுங்கக்கா, தம்பி சட்டையை மாத்திப் போட்டிருக்குதுங்க. பார்த்து வுடறதில்லீங்களா?”

“தெரியுமுங்க. அவன் அப்படித்தான் போடுவான்” என்றாள் மனைவி. அந்தப் பெண்மணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவன் தோள் தையலில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூலைப் பல்லால் கடித்து எடுத்தாள்.