ஞாயிற்றுக்கிழமைக்குள் போக வேண்டிய வாடை

மடிப்பக்காவின் கைகள் முழங்கை வரை நுரைக்குள் இருந்தன. இடது கை நாயின் கழுத்தை அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை அதன் முதுகில் போய்ப் போய் வந்தது. சட்டைக் காலரின் அழுக்கை எடுக்கிற அதே தேய்ப்பு. நாய் தொட்டிக்குள் நின்று நடுங்கியது. அவள் ஒரு குடம் தண்ணீரை எடுத்து அதன் தலையில் கவிழ்த்தாள்.

"நில்லு சனியனே. உன்னால என் பொழப்பே நாறுது."

அந்த வாரத்தில் அது நான்காவது குளியல். அன்று வியாழக்கிழமைதான்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பத்தொன்பது வயதில் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தவள். எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சாய்வான இடத்தில் அவளுடைய மேசை. நிமிர்ந்தால் தலை இடிக்கும், ஆகவே முப்பது வருடமாக ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்று தேய்க்கிறாள். அவள் மடித்த சட்டையை அலமாரியில் இருந்து உருவினால் மேலே கீழே இருக்கிற சட்டைகள் அசையாது. அதனால்தான் மடிப்பக்கா. அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு தெருவுக்கு எதிர்ப்பக்கம், ஒரே அறை. கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். பிள்ளைகள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள்.

நாய்க்குப் பொதி என்று பெயர். மூன்று வருடத்துக்கு முன்னால் யாரோ அதைக் குட்டியாக, ஒரு பழைய துண்டில் சுற்றி, மேசைக்கடியில் வைத்துவிட்டுப் போனார்கள். துணி மூட்டை என்று நினைத்து அவள் அதைத் தூக்கி மேசையில் போட்டாள், அது கத்தியது. வெள்ளை நிறம், குட்டைக் கால், தேய்ந்த செருப்பு இரண்டைத் தொங்கவிட்ட மாதிரிக் காதுகள். பகல் முழுவதும் மேசைக்கடியில் ஒரு சாக்கின் மேல் கிடக்கும்.

வாடை வந்தது மூன்று மாதத்துக்கு முன். முதலில் லேசாக, ஈரத் துணியை மூடி வைத்த மாதிரி. பிறகு புளித்துப்போன மாவு மாதிரி. அவள் குளிப்பாட்டினாள். இரண்டு நாள் சோப்பு மணத்தது. மூன்றாம் நாள் வாடை இன்னும் ஓங்கி அடித்தது. மறுபடி குளிப்பாட்டினாள்.

திங்கட்கிழமை எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் படியிறங்கி வந்தார். கையில் தன்னுடைய வெளிர் நீலச் சட்டை, இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி.

"என்னம்மா இது? மோந்து பாருங்க."

அவள் மோந்தாள். மறுக்க முடியவில்லை.

"இதைப் போட்டுக்கிட்டு நான் பேங்குக்குப் போனேன். பக்கத்துல நின்ன ஆளு நகர்ந்து நிக்கிறான். எனக்கு என்ன வியாதியோன்னு நினைச்சிருப்பான்."

"இன்னொரு தடவை தேய்ச்சுத் தரேங்க."

"தேய்ச்சா போற வாடையா? மூணாவது மாடி, நாலாவது மாடி எல்லாரும் சொல்லிட்டாங்க. பாருங்கம்மா, எனக்கு உங்க மேல கோபம் இல்ல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் வந்து பார்ப்பேன். வாடை இருந்தா ஒண்ணு நாய் போகணும், இல்ல மேசை போகணும். நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

அதற்குப் பிறகு குடியிருப்பே வைத்தியசாலை ஆகிவிட்டது. துணி கொடுக்க வந்தவர்கள் ஆளுக்கு ஒரு மருந்து சொல்லிவிட்டுப் போனார்கள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தடவு என்றாள் ஒருத்தி. தடவினாள், நாய் சொறிந்து சொறிந்து விலாவைப் புண்ணாக்கிக்கொண்டது. சமையல் சோடாவைத் தூவு என்றார் ஒருவர். தூவினாள், மாவில் புரட்டிய மீன் மாதிரித் திரிந்தது. முகப் பவுடர் போட்டுப் பார்த்தாள். இப்போது நாற்றத்தோடு பவுடர் வாசனையும் சேர்ந்து, படியேறுகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்.

புதன்கிழமை அவளுக்கே ஒரு யோசனை தோன்றியது. வெள்ளைத் துணி பழுப்பேறி வாடை அடித்தால் கடைசி அலசலில் சொட்டு நீலம் விடுவாள், துணி புதுசாகிவிடும். நாயும் வெள்ளைதானே. ஒரு தொட்டித் தண்ணீரில் நான்கு சொட்டு போதும். இருந்த ஆத்திரத்தில் பாட்டிலை அழுத்திவிட்டாள்.

கணவர் வேலை முடிந்து வந்து பார்த்தார்.

"ஏய், இது யாரு நாய்?"

"கண்ணு தெரியலையா? நம்ம பொதிதான்."

"நம்ம பொதி வெள்ளையா இல்ல இருக்கும்? வானத்துல பாதியைக் கிழிச்சுப் போர்த்தின மாதிரி இருக்கு."

"சிரிங்க. உங்களுக்கு என்ன, லிஃப்ட்ல மேலயும் கீழயும் போயிட்டு வரீங்க. இங்க நாத்தத்துல நிக்கிறது நான்."

"அதான் சொல்றேன், எங்க அக்கா வீட்டுல பின்னாடி இடம் கெடக்கு. அங்க கொண்டு விட்டுடலாம். உனக்கும் நிம்மதி, அதுக்கும் நிம்மதி."

அவள் வியாழக்கிழமை காலையில் நீலத்தைக் கழற்ற மறுபடி குளிப்பாட்டினாள். அதுதான் நான் முதலில் சொன்ன குளியல். நீலம் பாதிதான் போயிற்று. வாடை கொஞ்சமும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை என்னுடைய இரண்டு சேலைகளைக் கொடுக்கப் போயிருந்தேன். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்ததால் எனக்கு அங்கே நர்சம்மா என்று பெயர். எனக்கு முன்னால் மூன்றாவது மாடிப் பெண் ஒரு மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு புலம்பிக்கொண்டிருந்தாள்.

"துவைச்ச துணிதான்க்கா. ஆனா மூட்டை முழுக்க ஒரு புளிச்ச வாடை. எல்லாத்தையும் திரும்பத் துவைக்கணுமா?"

மடிப்பக்கா தலையைத் தூக்காமலே சொன்னாள். "எல்லாத்தையும் எதுக்குத் துவைக்கணும்? நாறுறது ஏதாவது ஒண்ணாத்தான் இருக்கும். மிச்சதெல்லாம் அது கூடக் கெடந்த பாவம்."

மூட்டையை நான்காகப் பிரித்தாள். ஒரு குவியலை மோந்தாள், தெருப்பக்கம் திரும்பி இரண்டு மூச்சு விட்டாள், அடுத்ததை மோந்தாள். மூக்கு சீக்கிரம் பழகிப்போகும் என்பதால் அப்படி. மூன்றாவது குவியலில் கைவிட்டு, சுருண்டு கிடந்த ஒரு காலுறையை வெளியே எடுத்தாள். உள்பக்கம் இன்னும் ஈரமாக இருந்தது.

"இதோ, இவன்தான்."

சொல்லிவிட்டு அந்தக் காலுறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள்.

"நர்சம்மா, கொஞ்சம் இந்தப் பெட்டியைப் பார்த்துக்கங்க. சூடா இருக்கு."

நாயைத் தெருவோரம் வெளிச்சத்துக்கு இழுத்து வந்தாள். தரையில் உட்கார்ந்தாள். முன்னங்கால் விரல்களுக்கு நடுவே மோந்தாள். "பழைய ரொட்டி. இது எப்பவும் உள்ளதுதான்." வாயைத் திறந்து பார்த்தாள், பல் மஞ்சளாக இருந்தது, ஈறு சரியாக இருந்தது. வயிறு, தொடையிடுக்கு. வாலைத் தூக்கினாள். மூன்றாவது மாடிப் பெண் "ஐயய்யோ அக்கா!" என்று சேலைத் தலைப்பால் மூக்கை மூடினாள்.

"மோசம்தான். ஆனா இது வேற மோசம். நாம தேடுற ஆளு இவன் இல்ல."

கடைசியாக இடது காதைத் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாற்றம் நான் நின்ற இடத்துக்கே வந்தது. காதின் உட்புறம் சிவந்து வீங்கியிருந்தது, மடிப்புகளில் காப்பித்தூள் கசண்டு மாதிரிப் பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. வலது காதும் அப்படியே, கொஞ்சம் குறைவு.

அவள் கொண்டையிலிருந்து ஊசியை உருவி, நுனியில் பஞ்சைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"அதை உள்ளே விடாதே," என்றேன். "மனுஷங்க காதையே அப்படிக் குத்திக் கெடுத்துக்கிட்டு வந்தவங்களை நான் நெறையப் பார்த்திருக்கேன். டாக்டர்கிட்ட போ."

"நாளைக்குச் சனிக்கிழமை. நாளன்னைக்கு அவரு வந்து நிப்பாரு."

"அதுக்காக உள்ளே குத்தப் போறியா?"

ஊசியைத் திரும்பக் கொண்டையில் செருகினாள்.

சனிக்கிழமை கால்நடை மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன், நாயை ஒருவர் பிடிக்க வேண்டியிருந்தது. எட்டு மணிக்குப் போனோம். டோக்கன் கொடுக்கிறவர் ஒன்பதரைக்கு வந்தார். எங்களுக்கு முன்னால் இரண்டு ஆடு, கூடையில் ஒரு கோழி, இருமுகிற பூனை ஒன்று. பத்தரைக்கு டாக்டரம்மா வந்தார், உடனே யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்து போனார். மடிப்பக்கா பெஞ்சின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கையில் துணி இல்லாவிட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. பன்னிரண்டு மணிக்கு எங்கள் முறை வந்தது.

டாக்டரம்மா முதலில் நாயின் முதுகைப் பார்த்தார். "இது என்ன நிறம்?"

"நீலம்ங்க."

"அது தெரியுது. எதுக்கு?"

"வெள்ளை நாய்ங்களே, அதான்..."

டாக்டரம்மா காதைத் தூக்கிப் பார்த்தார், ஒரு கருவியின் விளக்கை அடித்துப் பார்த்தார்.

"வாரத்துக்கு எத்தனை தடவை குளிப்பாட்டுறீங்க?"

"முதல்ல ஒண்ணு, ரெண்டு. அப்புறம் வாடை போகலைன்னு நாலு."

"தலையில தண்ணி ஊத்துவீங்களா?"

"தலையில ஊத்தாம எப்படிங்க குளிப்பாட்டுறது?"

"கழுத்தோட நிறுத்திக்கணும். தலையை ஈரத்துணியால துடைச்சா போதும். இந்தக் காது எப்பவும் மூடியே கெடக்கு, காத்து போகாது. உள்ளே போன தண்ணி காயாம நின்னு, பூஞ்சை பிடிச்சிருக்கு. நீங்க குளிப்பாட்டக் குளிப்பாட்ட அது வளர்ந்திருக்கு. வலியில தலையை உதறும்ல? அப்ப தெறிக்குறதுதான் பக்கத்துல இருக்கிற துணியில எல்லாம் படும்."

மடிப்பக்காவின் முகம் இறுகிப்போயிற்று.

"என்ன சோப்பு?"

"துணி சோப்பு."

"தோல் எல்லாம் வறண்டு கெடக்கு பாருங்க. நாய்க்குன்னு ஷாம்பு இருக்கு. மாசம் ஒரு தடவை போதும், குளிச்சதும் ஈரம் இல்லாமத் துடைச்சிடணும். அது படுக்கிற துணியை எப்பத் துவைச்சீங்க?"

ஊர்த்துணியெல்லாம் கையில் புரளுகிற அவள், மூன்று வருடத்தில் அந்தச் சாக்கை ஒரு தடவைகூடத் துவைத்ததில்லை.

காது கழுவ ஒரு மருந்து, விடுவதற்குச் சொட்டு மருந்து. காலையும் மாலையும், பதினான்கு நாள். "நாத்தம் அடங்க ஒரு வாரமாவது ஆகும்," என்றார் டாக்டரம்மா.

"நாளைக்குள்ள அடங்காதுங்களா?"

"ஒரு வாரம்னு சொன்னேனே."

வீட்டில் கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஊரு சொன்னதை எல்லாம் காதுல வாங்கினே. அதோட காதைத்தான் பார்க்கல," என்றார். வேறொரு நாளாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள். அன்று தண்ணீர்ச் செம்பை நங்கென்று வைத்தாள்.

ஞாயிறு சாயங்காலம் செயலாளர் சொன்ன நேரத்துக்கு வந்தார். அவள் மேசைக்கடியைத் தேய்த்துக் கழுவியிருந்தாள். சாக்கைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு பழைய போர்வையை வெந்நீரில் அலசி, காயவைத்து விரித்திருந்தாள். மூன்று வேளை மருந்து காதில் போயிருந்தது. செயலாளர் குனிந்து மூச்சை இழுத்தார்.

"குறைஞ்சிருக்கு. ஆனா இருக்கு."

"காதுல புண்ணுங்க. டாக்டரைப் பார்த்தாச்சு, சீட்டு இருக்கு. ஒரு வாரத்துல அடங்கிடும்னு சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் வீட்டுலயே வெச்சுக்கறேன்."

"திங்கட்கிழமையும் இன்னொரு தடவை தேய்ச்சா போயிடும்னுதான் சொன்னீங்க."

"அப்ப எனக்குத் தெரியாது. இப்பத் தெரியும்."

"எல்லாருக்கும் நான் பதில் சொல்லணும்மா. எதிர்வீட்டுல வெச்சாலும் அது மேசைக்கடியிலதான் ஓடி வந்து படுக்கும். சொன்னது சொன்னதுதான். நாய் எங்கயாவது போயிட்டா மேசை இங்கயே இருக்கட்டும், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

ஓரமாக நின்ற கணவர் அவளிடம் மெதுவாகச் சொன்னார். "அக்காகிட்ட பேசிட்டேன். நாளைக்கே கொண்டு வரச் சொல்றாங்க."

"உங்க அக்கா காலையும் சாயங்காலமும் காது கழுவி மருந்து விடுவாங்களா?"

"விடுவாங்க."

"உங்க அக்கா மாமாவுக்கே நேரத்துக்கு மாத்திரை எடுத்துக் குடுக்க மாட்டாங்க."

அவள் செயலாளரிடம் திரும்பினாள். குரல் உயர்ந்துவிட்டது.

"முப்பது வருஷத்துல நான் எத்தனையோ துணியைக் கருக்கியிருக்கேன். உங்க பட்டு வேட்டியைக்கூட ஒரு தடவை கருக்கினேன், ஞாபகம் இருக்கா? கருக்கினதை மடிச்சு உள்ளே வெச்சு யார் தலையிலயாவது கட்டியிருக்கேனா? நான்தான் கருக்கினேன்னு நேரா வந்து நின்னேன். இதோட காதைக் கெடுத்தது நான். தண்ணி ஊத்தி ஊத்திக் கெடுத்தேன். கெடுத்ததை மூட்டை கட்டி இன்னொரு வீட்டுக்கு அனுப்பச் சொல்றீங்களா? நல்லாகட்டும், அப்புறம் பார்க்கலாம். மேசையை எடுத்துக்கறேன்."

"அவசரப்படாதீங்கம்மா."

"நீங்கதானே ஞாயித்துக்கிழமைன்னீங்க? இன்னைக்கு ஞாயித்துக்கிழமைதான்."

செயலாளர் படியேறிப் போனார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கணவர் நாயைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிப் பிடித்துக்கொள்ள, அவள் காதைக் கழுவி, அடிப்பாகத்தை வெளியிலிருந்தே பிசைந்து, அது உதறி முடிக்கும்வரை காத்திருந்து, பஞ்சால் துடைத்து, இந்தக் காதில் ஐந்து சொட்டு, அந்தக் காதில் ஐந்து சொட்டு விட்டாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். அதன் பிறகு இருவரும் காவலாளியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மேசையைத் தெருவைக் கடந்து தூக்கிப் போனார்கள். அது வீட்டுக்குள் நுழையாததால் வாசலிலேயே, தகரக் கூரைக்கடியில் போட்டார்கள். நாயை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். கணவர் ஜன்னல் வழியாக ஒயரை இழுத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். வழக்கமாகத் திங்கட்கிழமை எட்டு மணிக்குள் பத்துப் பன்னிரண்டு மூட்டை வந்துவிடும். அன்று இரண்டுதான் வந்தன. அவள் முதல் மூட்டையைப் பிரித்து, மேலே இருந்த சட்டையில் தண்ணீர் தெளித்தாள். தலை இடிக்காத உயரத்தில் கூரை இருந்தும், பழக்கத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்று தேய்க்க ஆரம்பித்தாள்.