காலாவதியான லைசென்ஸ்

சாந்தோம் விக்டருக்கு ஐம்பத்தேழு வயது. முப்பத்தொரு வருஷம் குட்டி யானை என்கிற சின்ன சரக்கு வண்டியில் லோடு அடித்தவர். மயிலாப்பூர் மாடிகளிலிருந்து அவர் இறக்காத பீரோ இல்லை, அடையாறில் ஏற்றாத கட்டில் இல்லை. மனைவி கரோலுக்குச் சிறுநீரகம் கெட்டதும் லோடு அடிப்பதை நிறுத்தினார். வாரம் மூன்று நாள் அவளை அதே வண்டியில் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய் வருவதே வேலையாகிப் போனது. அதற்கு நடுவில் என்றைக்கோ லைசென்ஸின் கெடு முடிந்திருக்கிறது. கரோலை அடக்கம் செய்து நாற்பது நாள் கழித்து, மறுபடி லோடு ஓட்டலாமென்று அட்டையை எடுத்தபோதுதான் தேதி கண்ணில் பட்டது.

பிள்ளைகள் கிடையாது. வீட்டில் இருந்தால் பேச ஆளில்லை. வண்டி ஓடினால் நாலு முகமாவது பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

மந்தைவெளியில் ஃபிர்தௌஸ் என்ற பெண் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தரும் கடை வைத்திருந்தாள். அட்டையைத் திருப்பிப் பார்த்தவள் உதட்டைப் பிதுக்கினாள்.

“இன்னாண்ணே, முடிஞ்சு ஒரு வருஷம் நாலு மாசம் ஆவுது?”

“ஃபைன் கட்டிட்டா ஆவாதாம்மா?”

“ஒரு வருஷத்துக்குள்ள வந்திருந்தா அப்டியே புதுப்பிச்சிருப்பாங்க. தாண்டிடுச்சுன்னா திரும்ப டெஸ்ட்டுல ஓட்டிக் காட்டணும். நாப்பது வயசுக்கு மேலன்றதால டாக்டர் சர்டிஃபிகேட்டும் வேணும். அவசரத்துக்குக் கூப்பிட வீட்ல ஒருத்தர் நம்பர் சொல்லுங்க.”

விக்டர் யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது. சொன்ன நம்பர் சரிதானா என்று பார்க்க ஃபிர்தௌஸ் தன் போனிலிருந்து அதை அழைத்தாள். அவருடைய சட்டைப் பையிலேயே மணி அடித்தது. கரோலின் போன்; இன்னும் சார்ஜ் போட்டுத்தான் வைத்திருந்தார்.

“இது உங்க நம்பரா?”

“வீட்டுக்காரம்மாவோடது.”

“அவங்க எங்க?”

விக்டர் மணியை நிறுத்திப் போனைப் பைக்குள் போட்டார். அவள் ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்தாள். திரையில் வேறு ஏதோ பத்து எண்களைத் தட்டினாள். “என் நம்பர போட்டுட்டேன்ணே. அந்த எடத்த காலியா வுட முடியாது.”

டாக்டர் சர்டிஃபிகேட் சுலபமாகக் கிடைக்கவில்லை. வலது கண்ணை மூடிக்கொண்டு சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார் டாக்டர். மேல் வரிசையே புகைமூட்டமாகத் தெரிந்தது. இடது கண்ணில் புரை. அறுவை செய்துகொண்டு வந்தால்தான் கையெழுத்து என்றுவிட்டார்.

கண் மருத்துவமனையில் நர்ஸ், “கூட யார் வந்திருக்காங்க?” என்று கேட்டாள்.

“வருவாங்க சிஸ்டர்.”

“வந்தப்புறம்தான் உள்ள கூட்டிட்டுப் போவோம்.”

அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தன் போனில் இருந்த பெயர்களை மேலும் கீழும் தள்ளினார். பாதிப் பேர் எப்போதோ அவர் வண்டியில் வீடு மாற்றிக்கொண்டு போனவர்கள்; அவர்களை ‘தி.நகர் பீரோ’, ‘பெருங்குடி ரெண்டாம் மாடி’ என்று பதிந்திருந்தார். கடைசியில் கூச்சத்தை விட்டு ஃபிர்தௌஸைக் கூப்பிட்டார். கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு ஆட்டோ பிடித்து வந்தாள். உறவு என்று கேட்டிருந்த இடத்தில் ‘தங்கச்சி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மதியம் அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, எந்தச் சொட்டு மருந்து எந்த நேரத்தில் என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் குரல் போனபின் வீடு முன்னைவிட அமைதியாகிவிட்டது போலிருந்தது.

கண் தெளிய ஒன்றரை மாதம் ஆனது. டெஸ்ட் நாளன்று, தெரிந்த டிரைவர் ஒருவர் விக்டரின் குட்டி யானையை மைதானத்தில் கொண்டுவந்து விட்டார்.

வரிசையில் முன்னும் பின்னும் மீசை அரும்பிய பையன்கள். விக்டரின் முறை வந்ததும் இன்ஸ்பெக்டர் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். கரோலுக்குப் பிறகு அந்த இடத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை. விக்டர் ஒரு நொடி கியரைத் தேடினார். பிறகு கை தன் வேலையைப் பார்த்துக்கொண்டது. ரிவர்ஸில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரே மூச்சில் நுழைத்து நிறுத்தினார்.

“எத்தினி வருஷமா ஓட்டுற?”

“முப்பத்தொண்ணு சார்.”

“அப்புறம் ஏன்யா காலாவதி ஆவுற வரைக்கும் வுட்ட?”

“வூட்ல ஒடம்பு முடியல சார்.”

“இப்ப சரியாயிடுச்சா?”

விக்டர் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி சொன்னார். “ஆயிடுச்சு சார்.”

இன்ஸ்பெக்டர் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டு இறங்கிப் போனார்.

பத்து நாளில் தபாலில் அட்டை வந்தது. அரைக் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு விக்டர் மந்தைவெளிக்குப் போனார். கடையில் நல்ல கூட்டம். தலைகளுக்கு மேலாக ஃபிர்தௌஸ் பார்த்தாள்.

“வந்துச்சாண்ணே?”

“வந்துச்சும்மா.”

“நல்லதுண்ணே,” என்று மனதாரச் சிரித்தாள். அதற்குள் ஒருவர் ஆதாரை நீட்ட, அவள் திரை பக்கம் திரும்பிவிட்டாள்.  கரோலைப் பற்றிச் சொல்ல நினைத்து வந்ததை விக்டரால் வரிசைக்கு நடுவில் சொல்ல முடியவில்லை. பால்கோவாவை மேசையோரம் வைத்துவிட்டு இறங்கினார்.

மறுநாள் முதல் லோடு, நந்தனத்திலிருந்து பாலவாக்கத்துக்கு ஒரு குடும்பத்தின் சாமான். வழியெல்லாம் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து போனில் யாரிடமோ பேசிக்கொண்டே வந்தார். அதுவும் விக்டருக்குப் பிடித்துத்தான் இருந்தது. கடைசிப் பெட்டி இறங்கியதும் கேட்டைச் சாத்திக்கொண்டார்கள்.

விக்டர் சட்டென்று கிளம்பவில்லை. கடற்காற்று காலி வண்டியின் தார்ப்பாயை அடித்துக்கொண்டிருந்தது. போன் ஒலித்தது. யாரோ புது ஆள்.

“லோடு வண்டிங்களா?”

“வரேன் சார்,” என்றார் விக்டர், எங்கே என்றுகூடக் கேட்காமல்.