தட்டாத கை

என் மாமனார் ஒரு படகில் பாய் கட்டி முடித்ததும் பாய்மரத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். குதிரையைத் தட்டிக்கொடுப்பது போல இருக்கும். பட்டறையில் எல்லோரும் அதை ரசிப்பார்கள். "மேஸ்திரி முத்திரை குத்திட்டாரு, இனி புயல் வந்தா புயலுக்குத்தான் கஷ்டம்" என்பார் தச்சர். நான் பாய் தைக்கும் கொட்டகையில், ஜன்னலோரத்து மெஷினில் உட்கார்ந்திருப்பேன். எட்டாவதோடு படிப்பு நின்றுபோன எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. ஆனால் கண் சும்மா இருக்காது. தட்டுவது எப்போதும் வலது கை. இடது கை அந்த நேரம் எங்கே இருக்கிறது என்று கவனிக்க எனக்குச் சில வருஷங்கள் ஆயின. அவரே கட்டிய படகென்றால் அது கால்சட்டைப் பையில் இருக்கும். என் கணவர் கட்டிய படகென்றால் பாய்மரத்துக்குப் பின்னால் போயிருக்கும்.

பின்னால் இருப்பது கயிற்றுப் பூட்டு. எங்களிடம் வரும் படகுகளில் பாயைக் கீழே இறக்கி மடிப்பது கிடையாது. பாய்மரம் குழாய் மாதிரி உள்ளே காலியாக இருக்கும். அதற்குள் உச்சிவரை ஒரு நீளத் தண்டு. பாயின் ஓரத்தைத் தண்டின் பள்ளத்தில் கோத்து, கயிற்றால் மேலே ஏற்றி, இழுவை சரியாக வந்ததும் கயிற்றைப் பூட்ட வேண்டும். பிறகு தண்டைச் சுழற்றினால் பாய் ஜன்னல் திரை போலச் சுருண்டு உள்ளே போய்விடும். இழுத்தால் வெளியே விரியும். போகவும் வரவும் ஒரு ஒடுக்கமான பிளவுதான் வழி. கயிறு நாலு விரற்கடை தளர்ந்தால் போதும், விரிக்கும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. திரும்பச் சுருட்டும்போது பாய் கசங்கிக் கசங்கி விழுந்து பிளவை அடைத்துக்கொள்ளும். உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. காற்று அடிக்கிற நேரமென்றால் படகு யார் பேச்சையும் கேட்காது.

என் கணவர் கட்டிய பாய்கள் அடிக்கடி சிக்கின. ஒவ்வொரு முறையும் மாமனார் வந்து சரிசெய்தார். "நான் கண்ணை மூடினா இவன் என்ன பண்ணுவானோ" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்வார். அப்பா பின்னாலேயே போகிறவர் என்று என் கணவருக்குப் பட்டறையில் வைத்த பெயர் வால். "என்ன வால், பாய் உள்ள போச்சா, மூஞ்சி உள்ள போச்சா?" என்று பெயிண்டர் கேட்பார். என் கணவரும் சேர்ந்து சிரிப்பார்.

பார்த்ததை ஒருநாள் அவரிடம் சொன்னேன். பழைய கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஏங்க, மாமா தட்டறப்போ இடது கையால பூட்டுப் பிடியைத் தூக்கித் திறந்து மூடறாரு."

"தெரியும்."

"தெரியுமா? எப்போலேர்ந்து?"

"நீ வர்றதுக்கு முன்னாடியே."

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கல?"

"திறந்து? பெத்த அப்பன் மேல பழி போடறான்னு அதையும் சேத்துச் சிரிப்பாங்க. அவர் அந்தப் பக்கம் போனதும் நானே போய் இறுக்கிடறேன். சில நாள் முந்திக்கிறேன், சில நாள் படகு முந்திக்குது."

அதற்கு அடுத்த வருஷம் முதலாளி எதிர்க்கரையில் இன்னொரு பட்டறை தொடங்கினார். அதற்கு ஒரு மேஸ்திரி வேண்டும். தங்க இரண்டு அறையும் உண்டு. புதிதாக வந்த பெரிய படகைக் காட்டி முதலாளி என் கணவரிடம் சொன்னார்: "இதை நீயே தனியாக் கட்டு. வாங்கறவரை ஏத்திட்டு ஒரு சுத்து சுத்திக் காட்டு. ஒழுங்கா வந்துச்சுன்னா அந்தக் கரை உன்னோடது."

அந்தப் படகுக்குப் பாய் தைத்தது நான். மாமனாரின் செருமல் கேட்காத இரண்டு அறையை நினைத்துக்கொண்டே தைத்தேன்.

காட்டவேண்டிய நாள் காலையில் எல்லாம் கட்டி முடிந்து பாய் உள்ளே சுருண்டிருந்தது. மாமனார் படகில் ஏறினார். மகனை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த அழுக்குச் சட்டையோடவா முதலாளி பக்கத்துல நிப்பே? அலமாரியில என் வெள்ளைச் சட்டை இருக்கு, அதைப் போட்டுக்கோடா." பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பி, "ஏம்மா, நீயும் போய் இஸ்திரி போட்டுக் குடு. இன்னிக்கு அவன் பெரிய மனுஷன்" என்றார்.

அந்தச் சட்டையை யாரும் தொட அவர் விட்டதில்லை. நான் இஸ்திரி போடும்போது என் கணவர் பக்கத்தில் நின்று காலரைத் தடவிக்கொண்டே இருந்தார். திரும்பி வந்தபோது மாமனார் கரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். முதலாளியும் வாங்குகிறவரும் படகில் ஏறியாகிவிட்டது.

"பூட்டை ஒருதடவை பாத்துடுங்க" என்றேன் கணவரிடம் மெதுவாக.

"இன்னிக்கு வேணாம்" என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "சட்டையே குடுத்திருக்காரு."

பாய் அழகாக விரிந்தது. கரையிலிருந்து பார்த்தேன், என் தையல் நேராக நின்றது. வெயில் ஏறியதும் காற்றும் ஏறியது. திரும்பும்போது பாய் பாதி சுருண்டு நின்றுவிட்டது. மீதிப் பாதி காற்றை வாங்கிக்கொண்டு படகைப் பக்கவாட்டில் தள்ள, அது வந்து துறைக் கல்லில் மோதியது. மரம் பிளந்த சத்தம் கொட்டகைவரை கேட்டது. வாங்குகிறவர் வெளுத்துப்போய்க் கரைக்குக் குதித்தார். என் கணவர் பிளவுக்குள் விரலை விட்டுப் பாயைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டு நகம் பெயர்ந்து சட்டை முன்பக்கமெல்லாம் ரத்தம்.

மாமனார் டீ கிளாசைக் கீழே வைத்தார். கத்தியை வாயில் கவ்விக்கொண்டு, கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து மேலே ஏறி, நான் தைத்த பாயை உச்சியிலிருந்து கிழித்துக்கொண்டே இறங்கினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

"வாலைத் தலைன்னு நெனச்சுட்டீங்க முதலாளி" என்றார். "தப்பு உங்க மேல இல்ல. வால் அவ்வளவு அழகா ஆடிச்சு."

முதலாளி என் கணவரைப் பார்க்காமலே சொன்னார்: "எதிர்க்கரைக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்ததும் மாமனார் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "ரத்தம் காயறதுக்குள்ள சட்டையை அலசிடும்மா." அலசினேன். முழுதாகப் போகவில்லை. என் கணவர் சட்டையை வாங்கி மடித்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

சில வருஷம் கழித்து மாமனார் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போயிற்று, பேச்சும் போயிற்று. இடது கை மட்டும் ஏதோ அசைந்தது. வேறு ஆள் கிடைக்காமல் முதலாளி என் கணவரையே மேஸ்திரி ஆக்கினார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் என் கணவர் அப்பாவுக்கு முகச்சவரம் செய்து, பெட்டியிலிருந்து அந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுவிடுகிறார். சக்கர நாற்காலியில் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வருகிறார். பாய் கட்டி முடித்ததும் இரண்டு பேர் நாற்காலியோடு அவரைப் படகில் தூக்கி வைக்கிறார்கள்.

"அப்பா, முத்திரை?" என்பார். கொஞ்சம் காத்திருப்பார். "வலது வரலையா? பரவால்ல, இன்னொண்ணு இருக்கே." இடது கையை எடுத்துப் பூட்டின் பிடியில் வைப்பார். "தூக்குங்க. நாலு விரற்கடைதான். நீங்க தூக்காததா?"

விரல்கள் பிடியைச் சுற்றி நடுங்கும். பிடி அசையாது. மாமனாரின் கண்ணில் நீர் வழியும். எச்சிலும் வழியும். முதல் நாள் தச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது, "மேஸ்திரி, காலையில சாப்பிடலையா?" என்று கேட்கிறார். பெயிண்டர் சிரிக்கிறார்.

"போதுங்க" என்று ஒருமுறை சொன்னேன்.

"என்ன போதும்? வீட்டுல தனியாப் போட்டுட்டு வந்தாத்தானே பாவம். பெத்த அப்பாவை வேலைக்குக் கூட்டிட்டு வர்றேன். எத்தனை பேருக்கு இந்தப் பாசம் இருக்கு?"

நான் கொட்டகைக்குத் திரும்பி மெஷினில் உட்கார்ந்தேன்.

இப்போது எங்கள் பட்டறையில் கட்டுகிற எந்தப் பாயும் சிக்குவதில்லை. எதிர்க்கரைப் பட்டறையில் வேறு யாரோ இருக்கிறார்கள். நாங்கள் மூவரும் பழைய வீட்டில்தான் இருக்கிறோம். வெள்ளைச் சட்டையைத் தினமும் மாலையில் துவைத்து, காலையில் இஸ்திரி போட்டு வைப்பது என் வேலை.