முப்பதாம் தேதி விளக்கு

மார்லிஸ் டீட்மனைத் தெரியாதவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. சூப்பர் மார்க்கெட்டில் கேக்கின் மேல் க்ரீமால் பெயர் எழுதுகிறவள். டெமாயின் நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் பாதிப் பிள்ளைகள் தங்கள் பிறந்தநாளை அவள் கையெழுத்தில்தான் வெட்டித் தின்றிருக்கின்றன. கல்யாணம் ஒன்று நடந்து, அது நிலைக்காமல் போய், ஐம்பதைத் தொட்ட வயதில் தனியாக இருந்தாள். தனியாக என்றா சொன்னேன்? அந்த வீட்டில் எப்போதும் யாராவது ஒரு குழந்தை இருக்கும். பெற்றவர்களால் வைத்துப் பார்க்க முடியாமல் போன பிள்ளைகளை அரசாங்கம் சில காலத்துக்கு வளர்க்கக் கொடுக்குமே, அப்படி வந்தவை. வரும், ஒட்டிக்கொள்ளும், போய்விடும். ஒவ்வொன்று போகும்போதும் மார்லிஸ் ஒரு வாரம் யாரோடும் பேச மாட்டாள். பிறகு பழையபடி ஆகிவிடுவாள்.

டெஸ்ஸி விஷயத்தில் மட்டும் அப்படி ஆகவில்லை.

டெஸ்ஸி வந்தபோது அவளுக்கு மூன்று வயது. அம்மா ஷானா மாத்திரைப் பழக்கத்தில் விழுந்து, சிகிச்சை விடுதியில் இருந்தாள். குழந்தைக்கு எதைக் கண்டாலும் பயம். அதுவோ அக்டோபர், பேய் வேஷம் கட்டுகிற ஹாலோவீன் மாதம். தெரு முழுக்கத் தெர்மோகோல் கல்லறைகள், மரத்துக்கு மரம் துணிப்பேய்கள், எதிர்வீட்டுக் கூரையில் கை அசைக்கும் எலும்புக்கூடு வேறு. காரை விட்டு இறங்க மாட்டேன் என்று ஒரே அலறல். வேறு யாராவது என்றால், "இந்த வருஷம் ஹாலோவீனே வேண்டாம் போ" என்று கதவைச் சாத்தியிருப்பார்கள். மார்லிஸா விடுவாள்?

பயமில்லாத இடமாகத் தேடித் தேடிக் கூட்டிப் போனாள். முதலில் ஊருக்கு வெளியே இருந்த பரங்கித் தோட்டத்துக்கு, அதுவும் பட்டப்பகலில். டிராக்டர் இழுக்கிற வைக்கோல் வண்டியில் உட்கார்த்தி, ஆட்டுக்குட்டிக்குத் தீனி கொடுக்க வைத்து, கைக்கு அடங்குகிற ஒரு பரங்கிக்காயை அவளையே பறிக்கச் சொன்னாள். அடுத்த வாரம் நூலகத்தில் சின்னஞ்சிறுசுகளின் வேஷ ஊர்வலம். அங்கே முகமூடிக்கு அனுமதி இல்லை. அதற்கடுத்து தேவாலயத்து வண்டி நிறுத்தத்தில், கார்களின் டிக்கியைத் திறந்து வைத்து, பகல் வெளிச்சத்திலேயே மிட்டாய் கொடுக்கிற விழா. டெஸ்ஸி பச்சைத் தவளை வேஷத்தில் மார்லிஸின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். கடைசிக் காரில் முதல்முறையாகக் கையை நீட்டினாள். அன்றைக்கு மார்லிஸ் வீட்டுக்கு வந்து, தெருக்காரர்கள் எல்லோரையும் பிடித்து நிறுத்தி அதைச் சொன்னாள். என்னவோ பிள்ளை பட்டம் வாங்கிவிட்டது போல.

"கை நீட்டினா லவெர்ன்! அவளாவே நீட்டினா!"

லவெர்ன் பக்கத்து வீட்டுக்காரர். மனைவி போன பிறகு வாசலே கதி என்று இருப்பவர். "மிட்டாய்க்குக் கை நீட்டாத பிள்ளை எங்கம்மா இருக்கு? இதுக்குப் போய் இந்தக் குதி குதிக்கிறே" என்றார். ஆனால் அவர் முகத்திலும் சிரிப்புதான்.

மறு வருஷம் டெஸ்ஸி தெருவில் இறங்கிவிட்டாள். எங்கள் ஊரில் பிள்ளைகள் வேஷம் போட்டு மிட்டாய் கேட்டு வீடு வீடாகப் போவது, மற்ற ஊர்களைப் போல அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி அல்ல, அதற்கு முந்தின நாள். பிச்சைக்கார ராத்திரி என்று பெயர். எந்தக் காலத்திலோ, போக்கிரிப் பயல்களின் அட்டகாசம் தாங்காமல் ஊர்ப் பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒரு நாள் முன்னால் தள்ளிவைத்தது, அப்படியே நின்றுவிட்டது. இன்னொன்று, சும்மா பையை நீட்டினால் இங்கே மிட்டாய் விழாது. ஒரு ஜோக் சொல்ல வேண்டும். சொன்னால்தான் கூலி.

டெஸ்ஸிக்கு மார்லிஸ் சொல்லிக்கொடுத்த ஜோக் இதுதான்: எலும்புக்கூடு ஏன் இன்னொரு தட்டு சோறு கேக்குது? முதல் தட்டு எல்லாம் கீழே கொட்டிப் போச்சு!

மாதம் முழுக்கப் பயிற்சி. குளிக்கும்போது, காரில் போகும்போது, பல் தேய்க்கும்போது. என்ன பிரயோசனம்? கதவு திறந்ததும் டெஸ்ஸிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வரும். "கீழே கொட்டிப் போச்சு!" என்று பதிலை முதலில் கத்திவிட்டு, பிறகுதான் கேள்வி. ஒரு வீடு தப்பாமல் அப்படியே. ஒவ்வொரு வாசலிலும் மார்லிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"கேள்வி முதல்லடி தங்கம். பதில் அப்புறம்."

"எனக்குப் பதில்தான் பிடிக்குது மார்லி."

அன்றைக்கே ஒரு சட்டத்தையும் சொல்லிக்கொடுத்தாள். வாசல் விளக்கு எரிந்தால் போகலாம், எரியாவிட்டால் போகக்கூடாது. "லைட் இல்லேன்னா அவங்க யாரையும் பாக்க விரும்பலைன்னு அர்த்தம். நாம தொந்தரவு பண்ணக்கூடாது, சரியா?" டெஸ்ஸி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இருட்டு வீட்டைத் தாண்டும்போதெல்லாம் உதட்டில் விரலை வைத்து, நுனிக்காலால் நடந்து போனாள்.

ஷானா தேறிவிட்டாள். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பழக்கத்தை விட்டு, வேலை தேடி, வீடு பிடித்து, கோர்ட்டு சொன்னதையெல்லாம் செய்து முடித்தாள். பெற்றவளிடம் பிள்ளை போவதுதான் நியாயம். மார்லிஸும் நீதிபதி முன்னால் அதையேதான் சொன்னாள். சொல்லிவிட்டு வெளியே வந்து, கார் கதவைத் திறக்க முடியாமல் நின்று அழுதாள். தத்தெடுத்துக்கொள்ளலாம் என்று உள்ளுக்குள் அவள் கட்டிவைத்திருந்த கோட்டை ஊருக்கே தெரியும்.

ஜூன் மாதம் ஷானா வந்து கூட்டிப் போனாள். ஒல்லியான பெண், இருபத்தாறு வயதிருக்கும். மார்லிஸின் முகத்தைப் பார்க்கவே கூசினாள். டெஸ்ஸி கார் ஜன்னல் வழியாக அழ, மார்லிஸ் குனிந்து சொன்னாள்:

"இங்க பாரு. மிட்டாய் ராத்திரி வரும்ல? அன்னைக்கு நீ என் வீட்டுக்கு வரணும். தவளை டிரஸ் போட்டுட்டு. நான் லைட் போட்டு வெச்சிருப்பேன்."

"மறக்காம போடுவியா?"

"செத்தாலும் போடுவேன்."

பிறகு ஷானாவைப் பார்த்தாள். "கூட்டிட்டு வருவியாம்மா?"

"சத்தியமா வர்றேங்க. நீங்க செஞ்சதுக்கு இதுகூடச் செய்யலேன்னா நான் மனுஷியே இல்ல" என்றாள் ஷானா.

குழந்தை பழகுகிற வரை போன் வேண்டாம் என்று குழந்தைகள் நல அதிகாரி சொல்லியிருந்தாள். மார்லிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். செப்டம்பரில் ஒருநாள் தாங்காமல் கூப்பிட்டுப் பார்த்தால், ஷானா கொடுத்திருந்த எண் வேலை செய்யவில்லை. அதிகாரியைக் கேட்டதற்கு, "கேஸ் முடிஞ்சிருச்சு மார்லிஸ். இனி அவங்களா விரும்பிப் பேசினாத்தான் உண்டு" என்று பதில் வந்தது. ஆக, மிச்சம் இருந்தது அந்த ஒரு ராத்திரிதான்.

முப்பதாம் தேதி மத்தியானமே மார்லிஸ் லீவு போட்டுவிட்டு வந்தாள். வாசலில் பரங்கிக்காய்கள், எல்லாவற்றிலும் சிரித்த முகமாகவே செதுக்கியிருந்தாள். கூடை நிறைய மிட்டாய். டெஸ்ஸிக்குப் பிடித்த கேரமல் பாக்கெட்டை மட்டும் தனியாக எடுத்து அலமாரியில் வைத்தாள். சாயங்காலம் விளக்கைப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வந்தார்கள். கடற்கொள்ளைக்காரன் வந்தான், தேனீ வந்தது, இரட்டையர் இரண்டு பேர் உப்பும் மிளகுமாக வந்தார்கள். எல்லோரும் ஜோக் சொன்னார்கள், எல்லாவற்றுக்கும் மார்லிஸ் சிரித்தாள். கண் மட்டும் தெருமுனையில். ஒருமுறை பச்சையாக ஒன்று தெரிந்தது. எழுந்தே விட்டாள். கிட்டே வந்ததும் பார்த்தால் டைனோசர்.

எட்டு மணியோடு தெருவில் ஒவ்வொரு விளக்காக அணைந்தது. மார்லிஸ் அணைக்கவில்லை.

"உள்ளே போம்மா. குளிருது" என்றார் லவெர்ன் தன் வாசலிலிருந்து.

"இன்னும் கொஞ்சம் பாத்துட்டுப் போறேன்."

"வர்றவங்க இந்நேரம் வந்திருப்பாங்க மார்லிஸ்."

"உங்களை யாராவது கேட்டாங்களா?" என்று சீறினாள். பாவம், அவர் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் வேலையில் அவள் ஒரு கேக்கில் பெயரைத் தப்பாக எழுதினாள். அவள் தப்பாக எழுதி யாரும் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் வாசல் விளக்கின் சுவிட்சைப் பார்த்தாள். கை போகவில்லை. இனி எதற்கு? எல்லாம் முடிந்தது. முன்னறைத் திரைகளை இழுத்து மூடிவிட்டு, கொல்லைப் பக்கத்துச் சமையலறையில் போய் உட்கார்ந்தாள். சத்தியம் செய்தாளே அந்தப் பாவி! மனுஷியே இல்லை என்றாளே! திட்டத் திட்ட ஆத்திரம் அடங்காமல், அலமாரியைத் திறந்து அந்தக் கேரமல் பாக்கெட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாக அவளே தின்றாள். ருசி தெரியவில்லை. யாரும் கதவைத் தட்டவில்லை. மணியும் அடிக்கவில்லை.

நவம்பர் ஒன்றாம் தேதி காலையில் லவெர்ன் வேலி ஓரம் வந்து நின்றார். "நேத்து சாயங்காலம் நீ வீட்டுல இல்லையா?" என்றார்.

"இருந்தேன். ஏன்?"

அவர் முகம் மாறியது. "அடக் கடவுளே. லைட் இல்லையேன்னு நீ வேலைக்குப் போயிட்டேன்னு நினைச்சேன்மா. அந்தப் பொண்ணு வந்திருந்தா. குழந்தையோட. தவளை டிரஸ்ல."

மார்லிஸ் வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் என் பரங்கிக்காயெல்லாம் எடுத்து உள்ளே வைக்க வந்தேன். பாத்தா, உன் வீட்டு நடைபாதையில நிக்குறாங்க ரெண்டு பேரும். 'ஏன் தெருவே இருட்டா இருக்கு, எல்லாரும் எங்கே போயிட்டாங்க?'ன்னு அந்தப் பொண்ணு என்னைக் கேக்குறா. 'நேத்தே முடிஞ்சு போச்சேம்மா'ன்னேன். அவ அப்படியே உட்கார்ந்துட்டா, ரோட்டோரத்துல. அவ ஒமாஹாக்காரியாமே. அங்கெல்லாம் முப்பத்தொண்ணுதானாம்."

ஷானா இந்த ஊருக்கு வந்த பிறகு இரண்டு அக்டோபரையும் விடுதிச் சுவருக்குள்தான் கழித்தாள். இங்கே முப்பதாம் தேதி என்று அவளுக்கு யார் சொல்வார்கள்? 'மிட்டாய் ராத்திரி' என்றுதான் மார்லிஸ் சொன்னாளே தவிர, தேதியைச் சொல்லவில்லை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு, இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று எப்படித் தோன்றும்?

"கதவைத் தட்டலாம்ல லவெர்ன்? தட்டியிருக்கலாம்ல!"

"'போய்த் தட்டு கண்ணு'ன்னு அவ அம்மா எத்தனை தரம் சொன்னா தெரியுமா? குழந்தை அசையணுமே! 'லைட் இல்லேன்னா யாரையும் பாக்க விரும்பலைன்னு அர்த்தம், தொந்தரவு பண்ணக்கூடாது, மார்லி சொல்லியிருக்கா'ங்குது. அம்மாவை எழுப்பி, உதட்டுல விரலை வெச்சு, சத்தம் போடாதேன்னு அவளையும் இழுத்துட்டு வந்துருச்சு. நானும் கிழட்டு மட்டி, அவ அம்மாகிட்ட மட்டும் மெதுவா 'மார்லிஸ் வீட்டுல இல்லம்மா'ன்னு சொல்லித் தொலைச்சேன்."

"இப்போ எங்கே இருக்காங்க?"

"ஆரிகன் போறாங்களாம். அவ தம்பிகிட்ட வேலையாம். கார் நிறையச் சாமான். இதுக்காகத்தான் பயணத்தையே தள்ளிப் போட்டேன்னு சொல்லிச் சொல்லி அழுதா. உன்கிட்ட மன்னிப்புக் கேட்டதாச் சொல்லச் சொன்னா. போன் நம்பர் வாங்கி வைக்க எனக்குத் தோணல மார்லிஸ். அறிவு கெட்டவன் நான்."

மார்லிஸ் திட்டவில்லை. யாரைத் திட்டுவாள்? குழந்தை அவள் சொல்லிக்கொடுத்தபடியே நடந்திருக்கிறது. மார்லி தன்னைப் பார்க்க விரும்பவில்லை என்று எண்ணிக்கொண்டு, அந்த எண்ணத்தோடு காரில் ஏறி, எத்தனையோ மாநிலங்களுக்கு அப்பால் போய்க்கொண்டிருக்கிறது. செத்தாலும் போடுவேன் என்று சொன்ன விளக்கு. உயிரோடு உள்ளே உட்கார்ந்துகொண்டு, போடாமல் இருந்துவிட்டாளே.

வேலியை விடாமலே கேட்டாள்: "ஜோக் சொன்னாளா?"

"சொன்னா. என்கிட்டதான் சொன்னா. எலும்புக்கூடு சோறு கேட்டது."

"கேள்வியை முதல்ல கேட்டாளா?"

"ஆமாம்மா. கேள்விதான் முதல்ல. அப்புறம் வாயை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு என் முகத்தையே பாத்துட்டு நின்னா. 'தெரியலையே கண்ணு'ன்னு நான் சொன்ன பிறகுதான் பதில். ஒரு பிசகு இல்ல. 'இதை மார்லிகிட்ட சரியாச் சொல்லணும்னு தினமும் சொல்லிப் பாத்தா'ன்னு அவ அம்மா சொன்னா."

"நீங்க சிரிச்சீங்களா?"

"நல்லாவே சிரிச்சேன்."

"என்ன குடுத்தீங்க?"

"மிட்டாய் எல்லாம் முந்தின நாளே தீர்ந்து போச்சு. உள்ளே போய் ஒரு ஆப்பிள் எடுத்துட்டு வந்து குடுத்தேன்."

மார்லிஸ் தலையை ஆட்டினாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கி, வேலிக் கட்டையில் சொட்டியது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"தோலோட குடுத்தா அவ சாப்பிட மாட்டா லவெர்ன்" என்றாள். "சீவித்தான் குடுக்கணும்."