ஜெஸி ஏன் வாயை மூடிக்கொண்டாள்

ஜெஸி பால் குடிக்கும்போது கண்ணில் நீர் வரும். அழுகையோ சிணுங்கலோ இருக்காது. இரண்டு கண்ணும் நிறைந்து வழியும், அவ்வளவுதான். "பால் குடிக்கவே மகாராணிக்கு இவ்வளவு கஷ்டமா?" என்று கேலி செய்துகொண்டே துடைத்துவிடுவேன். முதல் அறிகுறி அதுதான் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஜெஸி என் இளைய மகள். பிறக்கும்போதே மூச்சுத் திணறியவள். செரிப்ரல் பால்ஸி (மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பால் உடம்பின் அசைவுகள் கட்டுக்குள் வராத நிலை) என்று ஒரு வயதாகும் முன்பே சொல்லிவிட்டார்கள். கழுத்து நிற்காது, கைகால் விறைத்துக்கொள்ளும், பேச்சு வராது. ஆனால் அப்பாவின் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே சிரிக்கத் தொடங்கிவிடுவாள்.

அப்பா, அதாவது என் வீட்டுக்காரர் சேவியர், சங்கு குளிக்கிறவர். தூத்துக்குடிக் கடலில் முங்கி, அடித்தரையில் கிடக்கும் சங்குகளைப் பொறுக்கி எடுத்து வருவது அவருடைய தொழில். மூத்தவள் ஷைனி பிறந்தபோது, தான் எடுத்த சின்னச் சங்கு ஒன்றைத் தேய்த்து வழவழப்பாக்கி, பால் புகட்டுவதற்கென்று கொண்டுவந்து தந்தார். சங்கு குளிக்கிறவர்கள் வீட்டில் அது ஒரு பெருமை. தன் கையால் எடுத்த சங்கில் தன் பிள்ளை குடிக்க வேண்டும்.

ஷைனி ஒரு வயதில் அந்தச் சங்கை விட்டுவிட்டாள். ஜெஸிக்கு ஐந்து வயது வரைக்கும் அதுதான். நான் காலை நீட்டி உட்கார்ந்து, அவளைக் காலின்மேல் மல்லாக்கப் படுக்கவைத்து, கன்னத்தை லேசாக அழுத்தி, பாலையும் கஞ்சியையும் கரைத்த சோற்றையும் சங்கால் ஊற்றுவேன். எங்கள் பக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தன. இவள் மட்டும் பாதியில் வாயை இறுக மூடிக்கொள்வாள். பல்லைத் திறக்க முடியாது. "அப்பனை மாதிரியே பிடிவாதம்" என்று சொல்லி, கெஞ்சி, பாட்டுப் பாடி, மறுபடி ஊற்றுவேன். ஒருவேளைச் சாப்பாடு முடிவதற்குள் அடுத்த வேளை வந்து நிற்கும். நான் அடுப்படியில் நின்றுகொண்டே எதையாவது அள்ளிப் போட்டுக்கொள்வேன். ஷைனி டிவிக்கு முன்னால் தனியாகச் சாப்பிடுவாள். அது ஒரு குறை என்றுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை.

அடிக்கடி சளி பிடிக்கும். நெஞ்சில் கரகரவென்று சத்தம் கேட்கும். மழைக்காலம் வந்தால் ஆஸ்பத்திரிக் கட்டில் நிச்சயம். ஐந்தாவது வயதில் நிமோனியா வந்து ஆக்சிஜன் வைத்தார்கள். அதிலிருந்து தேறியதும் குழந்தைகள் டாக்டர், "எப்படிச் சாப்பாடு குடுப்பீங்க? செஞ்சு காட்டுங்கம்மா" என்றார். பையிலிருந்து சங்கை எடுத்து, கொஞ்சம் பெருமையாகவே செய்து காட்டினேன். அவர் ஜெஸியின் கண்ணையும் தொண்டையையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சங்கை வாங்கி மேஜைமேல் வைத்தார்.

"உங்க மேல தப்பு சொல்லலம்மா. ஆனா இனிமே படுக்கவச்சு ஊத்தாதீங்க. இவளுக்குச் சாப்பாடு நுரையீரலுக்குள்ள போகுதோன்னு எனக்குப் பயமா இருக்கு."

அதற்குப் பெயர் ஆஸ்பிரேஷன் (உணவோ நீரோ உணவுக்குழாய்க்குப் பதில் மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது). திருநெல்வேலியில் அதற்கு ஒரு சோதனை இருக்கிறது, அதில் உறுதியானால் கேஸ்ட்ரோஸ்டமி (வயிற்றில் சிறு துளையிட்டு, இரைப்பைக்குள் நேராக உணவு செலுத்தக் குழாய் பொருத்துவது) செய்ய வேண்டும், இன்னொரு நிமோனியாவைப் பிள்ளை தாங்குவாள் என்று சொல்ல முடியாது என்றார்.

சேவியர் முடியாது என்றுவிட்டார். "அதெல்லாம் வேண்டாம் டாக்டர். போகப் போகத் தின்னுருவா." நடப்பது, பேசுவது, எல்லாவற்றுக்கும் அவரிடம் அந்த ஒரு பதில்தான். எத்தனையோ நாள் அந்த நம்பிக்கையைக் கண்டு எனக்கு எரிச்சல் வந்திருக்கிறது. ஆனால் அன்று நானும் அவர் பக்கம்தான். என் பிள்ளைக்கு நான் செய்ய முடிந்தது சோறு ஊட்டுவது ஒன்றுதான். அதையும் ஒரு குழாயிடம் கொடுத்துவிட்டால் நான் எதற்கு?

சோதனை மட்டும் செய்துபார்க்கலாம் என்று திருநெல்வேலிக்குப் போனோம். அங்கே காத்திருந்தபோது வராந்தாவில் ஸ்ரீவைகுண்டத்துக்காரப் பெண் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஜெஸியை மாதிரியே ஒரு மகள் அவள் மடியில். என் முகத்தைப் பார்த்தே விஷயம் புரிந்திருக்க வேண்டும். மகளின் சட்டையை மெல்ல விலக்கிக் காட்டினாள். வயிற்றில் சட்டைப் பொத்தான் போல ஒரு மூடி.

"தொட்டுப் பாருங்கக்கா, பயப்படாதிய. நானும் அழுதுட்டேதான் வந்தேன். இப்ப இவ சண்டை இல்லாம என் மடில இருக்கா."

தொட்டுப் பார்த்தேன். அவள் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. இன்றும் மாதா கோவில் பூசையில் அவளுக்காக வேண்டிக்கொள்கிறேன்.

சோதனையில் ஜெஸியை நிமிர்த்தி உட்காரவைத்து, மருந்து கலந்த பாலைக் கரண்டியால் கொடுத்தார்கள். விழுங்குவது எக்ஸ்ரே படமாகத் திரையில் ஓடியது. கறுப்பாக ஒரு கோடு தொண்டையில் இறங்கிப் பிரிந்தது. ஒரு பங்கு வயிற்றுக்கு, ஒரு பங்கு மூச்சுக்குழாய்க்கு. உட்காரவைத்தும் அப்படித்தான். ஜெஸி இருமவில்லை. கண்ணில் நீர் மட்டும் வந்தது.

"இருமல்கூட வராது. சில பிள்ளைகளுக்கு இப்படிச் சத்தமில்லாம உள்ள போயிரும்" என்றார் அங்கிருந்த டாக்டர்.

சேவியர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கடலுக்கடியில எனக்கு ஒருதடவ தண்ணி நெஞ்சுக்குள்ள போயிருக்கு டாக்டர். ஒரு நாள் பூரா எரிஞ்சுது. இவளுக்கு மூணு வேளையுமா?" என்று கேட்டார். டாக்டர் ஆமென்று தலையை அசைத்தார். சேவியர் என் பக்கம் திரும்பினார்.

"ஏளா, இவ பிடிவாதம் புடிக்கல. மூச்சப் புடிச்சிட்டுல்லா இருந்திருக்கா."

அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். மூச்சைக் காப்பாற்ற வாயை மூடுகிற பிள்ளையை ஐந்து வருடமாகத் திறக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறோம். ஆபரேஷனுக்கான சம்மதத்தை அவரே முந்திக்கொண்டு சொன்னார்.

இதே நிலையில் இருப்பவர்களுக்காக உள்ளதைச் சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்த புதிதில் குழாயைச் சுற்றித் தோல் சிவந்தது, கசிந்தது. நர்ஸம்மா சொல்லித்தந்தபடி வெந்நீரை ஆறவைத்துத் துடைத்து, ஈரமில்லாமல் வைத்துக்கொண்டோம், ஆறிவிட்டது. தெருவில் ஒருத்தி, "வாய் இருக்கயில வயித்துல ஊத்துதாவளே" என்று என் காதுபடவே சொன்னாள். வந்து ஒருவேளை ஊட்டிப் பார் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அடுத்து வந்த மழைக்காலத்தில் நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஜெஸியின் கன்னத்தில் சதை பிடித்தது. மடியில் எடுத்தால் அவள் உடம்பு விறைக்கவில்லை. நான் தொடுவது எல்லாம் ஊட்டுவதற்கில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குப் பகல் நீண்டுபோனது. ஷைனிக்குத் தலை பின்னிவிட நேரம் இருந்தது. சேவியர் "போகப் போக" என்பதை எப்போது விட்டார் என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் கடலிலிருந்து வந்ததும், "இன்னிக்கு எப்படி இருக்கா?" என்று கேட்கிறார். அதற்கு என்னிடம் எப்போதும் ஒரு பதில் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். ஜெஸி அவளுடைய சாய்வு நாற்காலியில் நிமிர்ந்திருந்தாள். சேவியர் ஒரு கையால் குழாயைத் தூக்கிப் பிடித்திருந்தார். அவளுடைய சாப்பாடு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. ஷைனி பள்ளிக்கூடத்துச் சண்டை ஒன்றை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சூடான சோற்றில் சீலாமீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு கவளம் எடுத்தேன்.

ஜெஸி என் கையையே பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். கொட்டாவி விடுகிறாள் என்று நினைத்தேன்.

"ஏளா, உன்கிட்ட கேக்கா!" என்றார் சேவியர்.

ருசிக்கு நாக்கில் தொட்டு வைக்கலாம் என்று விழுங்கும் பயிற்சி தருகிறவர் சொல்லியிருந்தார். விரல் நுனியில் குழம்பைத் தொட்டு அவள் நாக்கில் வைத்தேன். அவள் சப்புக்கொட்டினாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் பாடவில்லை, யாரும் கெஞ்சவில்லை. அவள் மறுபடியும் வாயைத் திறந்தாள்.