நொண்டத் தெரியாத நிரோஜன்

அடி வாங்குகிறவனைப் பார்த்து, ‘இன்னும் வடிவாக வாங்கு’ என்று கதிரையில் இருந்தபடி சொல்லும் தொழிலுக்குப் பெயர் விமர்சனம். பகலில் கனடாவின் மிசிசாகாவில் அலுவலக வேலை. வார இறுதியில் ஜப்பான் ரெஸ்லிங் ஆட்டங்களைத் தமிழில் விமர்சித்து யூரியூப்பில் போடுகிறேன். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ளும் சகபாவிகளே, இது உங்களுக்குத்தான்.

சம்பளம்

பக்கத்து மேசை சுதா சென்னைக்காரி. வெல்வது யார் என்று முன்பே முடிவாகிவிடும், அதை எப்படி ஆடிக் காட்டுகிறார்கள் என்பதுதான் வித்தை என்று அவளுக்கு விளக்கினேன். மிகக் கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அப்போ தோக்குறவனுக்கும் சம்பளம் உண்டா? எனக்கும் அங்க ஒரு வேலை பாத்துக் குடுங்க."

கறுப்புக் காற்சட்டை

பிக்கரிங்கில் வளர்ந்த நிரோஜன் ஜப்பான் போய் ரெஸ்லிங் பழகி மேடையேறினான். அங்கே புதியவர்களுக்கு வெறும் கறுப்புக் காற்சட்டைதான். மூத்தவர்களிடம் தோற்றுத் தோற்றுத்தான் மேலே வரவேண்டும். இது நம்மவர்களுக்குத் தெரியாது. ஸ்காபரோ மரக்கறிக் கடையில் ஒரு அங்கிள் என்னை மறித்தார். "பிள்ளை, உவன்ரை பேரில கிழமைக்குக் கிழமை அர்ச்சனை செய்யிறன், பிறகும் தோக்கிறான். உந்த ஜப்பான்காரர் எந்தக் கோயிலுக்குப் போகினம்?"

முழங்கால்

நிரோஜனுக்குப் பெரிய ஆட்டம் ஒன்று கிடைக்க இருந்தது. அதில் எடுபட்டால் கறுப்புக் காற்சட்டைக்கு விடை. அதற்கு முந்திய ஆட்டத்தில் எதிராளி அவனுடைய முழங்காலைப் பிடித்து முறுக்கோ முறுக்கென்று முறுக்கினான். நொண்டிக் காட்டவேண்டிய நம்ம ஆள் எழும்பி, பஸ்ஸைப் பிடிக்கிறவன் போல ஓடினான்! "தம்பி, அது உன்ரை கால்தானே? உனக்கே நோகாவிட்டால் சனம் ஏன் உனக்காகக் கத்தும்?" என்று வீடியோவில் கேட்டேன். ஊரே திரண்டு என்னை ஏசியது.

பிறகு சுதாவுக்குத் தெரிந்தவர் மூலம் என் தொலைபேசி இலக்கம் தேடி நிரோஜனின் அம்மா அழைத்தார். இன்றைக்குச் செத்தேன் என்று நினைத்தேன். அன்ரி ஏசவில்லை. மெதுவாகச் சொன்னார்: "அவனுக்கு நொண்டத் தெரியும் பிள்ளை. நான் பாத்தால் அழுவன் எண்டுதான் டக்கெண்டு எழும்பிறவன்."

ஆட்டம் முழுவதையும் பார்த்த எனக்கு, அதை யார் பார்க்கிறார்கள் என்பது தெரியாமல் போயிற்று. "இனிப் பாக்கமாட்டன் எண்டு அவனிட்டைச் சொல்லட்டோ?" என்று கேட்டார். "ஐயோ வேண்டாம் அன்ரி, பாருங்கோ. ‘நான் பாத்துக்கொண்டிருப்பன், நீ நொண்டு’ எண்டு சொல்லுங்கோ" என்றேன். "அழமாட்டன் எண்டு மட்டும் சொல்லேலாது" என்றார்.

பெரிய ஆட்டம்

தோற்றான். ஆனால் என்ன தோல்வி! காலை இழுத்து இழுத்து மேடைக் கயிற்றில் ஏறினான். அளவாகக் கைதட்டிக்கொண்டிருந்த ஜப்பான் சனம் எழும்பி நின்று அவன் பெயரைக் கத்தியது. நானும் அழுதேன். அடுத்த ஆட்டத்துக்கு அவனுக்கு நீலக் காற்சட்டை. "அக்கா, எல்லாரும் குட் மேட்ச் எண்டுதான் சொன்னவை, நீங்கதான் பிழையைச் சொன்னீங்கள், தாங்க்ஸ்" என்று எழுதியிருந்தான். அந்தச் செய்தியை இன்னும் அழிக்கவில்லை.

அன்ரியும் அழைத்தார். நன்றி மேல் நன்றி சொன்னார், நானும் சொன்னேன். தொலைபேசியை வைக்கப் போனவர் குரலைத் தாழ்த்தினார்: "பிள்ளை, நல்லா நொண்டினவன்தான். உண்மையைச் சொல்லும், மெய்யா நொந்திட்டுதோ?"

அடியை அவன் வாங்க, அழுகையை அன்ரி பார்த்துக்கொள்ள, கதிரையில் இருந்த எனக்கு நன்றி மட்டும் வந்து சேரும் இந்தத் தொழிலை நான் விடுவதாக இல்லை.